குழாய் இன்றும் தேவையா?



திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கிளியனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கடலை நோக்கிக் கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். நீங்கள் கிளியனூரில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா பல ஆண்டுகள் உப்பளத்தில் வேலை செய்தவர். ஒரு நாள் ஈரமான பாத்தி வரப்பில் கால் வழுக்கி விழுந்துவிடுகிறார். இடுப்பு எலும்பு முறிந்து போகிறது. நகரத்து மருத்துவ மனையில் சேர்க்கிறீர்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஐந்தாம் நாள் இரவு தாத்தாவுக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. பேச்சும் சற்றுக் குழறுகிறது. எலும்பு சரியாகப் பொருந்தியிருக்கிறது. தையல் போட்ட இடமும் சுத்தமாக இருக்கிறது. பிறகு காய்ச்சல் எங்கிருந்து வந்தது? சோதித்துப் பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பையில் கிருமிகள் பெருகியிருக்கின்றன. அறுவைச் சிகிச்சையின்போது வைத்த சிறுநீர்க் குழாயை இன்னும் எடுக்கவில்லை. அந்தக் குழாய் வழியாகத்தான் அவை உள்ளே போயிருக்கின்றன.

இந்தத் தாத்தா நம் கற்பனை. ஆனால் இந்த நிகழ்ச்சி கற்பனை அல்ல. சிறிய மருத்துவ மனை, பெரிய மருத்துவ மனை, ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வேறுபாடு இல்லாமல் உலகம் முழுவதும் நாள்தோறும் நடப்பதுதான் இது. மருத்துவ மனைக்கு வந்த பிறகு நோயாளிகளைப் பிடிக்கும் தொற்றுகளில் மிகச் சாதாரணமானவற்றுள் இதுவும் ஒன்று.

இதைத் தடுக்க என்ன செய்யலாம்? "புதிய மருந்து கண்டுபிடிக்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். "விலை உயர்ந்த குழாய் வாங்க வேண்டும்" என்று வேறு சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு. ஒவ்வொரு நாள் காலையிலும் நோயாளியின் கட்டிலருகே ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஆனாலும் பெரும்பாலும் அது கேட்கப்படுவதில்லை. அதைக் கேட்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம்.

பலூன் வைத்த குழாய்

கதீட்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குழாய் ரப்பராலோ சிலிக்கோனாலோ ஆனது. சுண்டு விரலைவிட மெல்லியது. சிறுநீர் வெளியேறும் வழியாக அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். உள்ளே போன நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன் இருக்கும். அதில் சுமார் 10 மில்லி லிட்டர் தூய நீரை ஏற்றினால் பலூன் உப்பி, குழாய் நழுவி வராமல் பிடித்துக்கொள்ளும். வெளி நுனி ஒரு பிளாஸ்டிக் பையுடன் இணைந்திருக்கும். 1930களில் இந்த அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஃபோலி. இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இது பயனுள்ள கருவிதான், ஐயமில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டு துடிக்கும் முதியவருக்குச் சில நிமிடங்களில் நிம்மதி தருகிறது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்று அளந்து காட்டுகிறது. நீண்ட நேர அறுவைச் சிகிச்சைக்கும் அது வேண்டும். எனவே, குழாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்த வேலை முடிந்த பிறகும் அது உள்ளேயே இருப்பதைத்தான் கூடாது என்கிறேன்.

வாய்க்காலில் எதிர் ஓட்டம்

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாத்திக்கு நீர் விடும் மடையை வேண்டும்போது திறப்பார்கள். வேலை முடிந்ததும் அடைத்துவிடுவார்கள். திறந்தபடியே விட்டுவிட்டால் வேண்டாத நீரும் சேறும் உள்ளே வந்துவிடும்.

நம் உடலிலும் ஒரு மடை இருக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயிலில் உள்ள தசை வளையம் வழியை மூடி வைத்திருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் அது திறக்கிறது. அப்போது வேகமாக வரும் சிறுநீர், வழியில் ஒட்டியிருக்கும் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பல முறை நடக்கும் இந்தக் கழுவுதல்தான் நமக்கு இயற்கை தந்த பாதுகாப்பு.

குழாயை வைத்ததும் மடை திறந்தே கிடக்கிறது. கழுவும் வேகமும் நின்றுபோய், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. பலூன் இருக்கும் இடத்தில் சிறிதளவு சிறுநீர் வடியாமல் தேங்கியும் நிற்கிறது. கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிருமிகளுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, குழாயின் வெளிப்புறம்: தோலிலும் மலவாயைச் சுற்றியும் இருக்கும் பாக்டீரியாக்கள் குழாயின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுகின்றன. மற்றொன்று, குழாயின் உட்புறம்: பையின் வடிமுனையை அழுக்குக் கையால் தொட்டால், அல்லது குழாயையும் பையையும் பிரித்துப் பிரித்து மாட்டினால், கிருமி பைக்குள் நுழைகிறது. பிறகு யாராவது பையை நோயாளியின் இடுப்பைவிட உயரத் தூக்கினால் பையில் உள்ள சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பிப் பாய்கிறது.

நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு போகும்போது கவனித்திருக்கிறீர்களா? பையை அவருடைய வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு போவார்கள். வசதிக்காகச் செய்வதுதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பதை நாம் கீழ் வகுப்பிலேயே படித்திருக்கிறோமே!

ஒரு கிருமி எத்தனை ஆகும்?

இத்தொற்றை உண்டாக்குபவற்றுள் முதலிடம் 'இ. கோலி' என்ற பாக்டீரியாவுக்கு. நம் குடலில் சாதாரணமாக வசிப்பதுதான் அது. சோதனைக் கூடத்தில் நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இது இரண்டாகப் பிரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். பத்து மணி நேரத்தில் 30 முறை இரட்டித்து, நூறு கோடிக்கும் மேல் ஆகிவிடும். நம்ப முடியவில்லையென்றால் 2-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள். சிறுநீர்ப்பையில் இவ்வளவு விரைவாகப் பெருகாது என்றாலும், கணக்கின் போக்கு இதுதான்.

பெருகும் பாக்டீரியாக்கள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறுகின்றன. இதற்கு 'உயிர்ப் படலம்' என்று பெயர். குளத்துப் படிக்கட்டில் வழவழவென்று படிந்திருக்குமே, அதைப் போன்றது. இந்தப் பசைக்குள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை. மிதக்கும் கிருமியைக் கொல்லப் போதுமான அளவு, படலத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லப் போதாது.

அவற்றுள் 'புரோட்டியஸ்' என்ற ஒரு கிருமி இன்னும் விந்தையான வேலை செய்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா சேரச் சேரச் சிறுநீர் காரத் தன்மை அடைகிறது. அப்போது அதில் கரைந்திருந்த மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் கரைந்திருக்க முடியாமல் படிகங்களாகப் பிரிந்து குழாய்க்குள் படிகின்றன. கடைசியில் குழாய் அடைத்துக்கொள்கிறது. உப்பளத்தில் நீர் ஆவியாகி, கரைசல் செறிவடைவதால் உப்புப் படிகிறது. இங்கே நீர் ஆவியாகாமலே, காரத் தன்மை கூடுவதால் படிகிறது. அங்கே படிகம் விளைந்தால் கூலி கிடைக்கும். இங்கே விளைந்தால் நோயாளி வலியால் துடிப்பார்.

நாள் ஏற ஏற

குழாய் வைத்த ஒருவருடைய சிறுநீரில் புதிதாகக் கிருமி குடியேறும் வாய்ப்பு, நாளொன்றுக்கு 100-க்கு 3 முதல் 7 வரை என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவாக 5 என்று வைத்துக்கொண்டு நாமே கணக்குப் போடுவோம்.

முதல் நாள் முடிவில் 100 பேரில் 95 பேர் தப்பியிருப்பார்கள். இரண்டாம் நாள் முடிவில் அந்த 95-லும் 100-க்கு 95 வீதம், அதாவது 90 பேர். இப்படியே போனால் 10-ஆம் நாள் சுமார் 60 பேர்தான் தப்பியிருப்பார்கள். 30-ஆம் நாள் சுமார் 21 பேர். உண்மையில் ஒரு மாதம் குழாயுடன் இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே சிறுநீரில் கிருமி வந்துவிடுகிறது என்பதே மருத்துவர்களின் அனுபவம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. கிருமி குடியேறியவர்களில் பலருக்குக் காய்ச்சலோ வலியோ வருவதில்லை. சிலருக்கே வருகிறது, அவர்களிலும் மிகச் சிலருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகிறது. ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதியவர்களும் நோயால் நலிந்தவர்களும் அவர்களில் அதிகம்.

இந்தக் கணக்கிலிருந்து என்ன தெரிகிறது? ஆபத்தைக் கூட்டுவது நாட்களின் எண்ணிக்கை. ஒரு நாள் முன்னதாக எடுத்தால் ஒரு நாள் ஆபத்துக் குறையும். இதைச் செய்ய எந்த ஆராய்ச்சிக் கூடமும் வேண்டியதில்லை.

பழைய எச்சரிக்கை

இந்த விஷயம் நேற்றுத் தெரிந்ததல்ல. அமெரிக்க மருத்துவர் பால் பீசன் 1958-லேயே 'கதீட்டருக்கு எதிரான வழக்கு' என்று தலைப்பிட்டு ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். அக்காலத்தில் குழாயின் வெளி நுனியைத் திறந்த பாட்டிலில் விட்டு வைப்பது வழக்கம். நான்கே நாட்களில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் கிருமி வந்துவிடும். 1966-இல் கால்வின் கூனினும் ரெஜினா மெக்கார்மக்கும், குழாயையும் பையையும் காற்றுப் புகாமல் இணைத்து மூடிய அமைப்பாக வைத்தால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் பை பரவியதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே காரணம். பையைக் கழற்றி மாட்டாதீர்கள் என்று செவிலியர்கள் வற்புறுத்துவதன் பொருள் இப்போது புரிகிறதல்லவா? கழற்றினால் நாம் 1966-க்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுகிறோம்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். 1972-இல் ஜாக் லாப்பிடீஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டுச் சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்குப் புதிய வழி ஒன்றைச் சொன்னார். குழாயை உள்ளேயே வைத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பல முறை நோயாளியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம் என்றார். அதற்குக் கொதிக்க வைத்த கருவிகளும் கையுறையும்கூடக் கட்டாயமில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்தால் போதும் என்றார். பலர் நம்பவில்லை. ஆனால் தொற்று குறைந்தது. கிருமி நீக்கிய குழாய் உள்ளேயே தங்கியிருப்பதைவிட, வெறும் சோப்பால் கழுவிய குழாய் வந்து வந்து போவது நல்லது என்று ஆயிற்று!

நம் தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு பெருமை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத் தண்டு முறிந்தவர்கள் தங்கள் சிறுநீர்ப்பையைத் தாங்களே பராமரிக்கக் கற்றுக்கொள்வது இன்று இத்தகைய நிலையங்களின் முக்கியமான பாடங்களில் ஒன்று. ஒரு காலத்தில் அவர்களைக் கொன்றதில் பெரும்பங்கு முறிந்த எலும்புக்கு அல்ல, சிறுநீர்த் தொற்றுக்குத்தான் என்பதை நினைத்தால் அந்தப் பாடத்தின் அருமை விளங்கும்.

மறந்து போன குழாய்

இவ்வளவு தெரிந்திருந்தும் குழாய் ஏன் அதிக நாள் தங்குகிறது? காரணம் எளியது: மறதி! போர்வைக்குள் இருக்கும் குழாய் மருத்துவர் கண்ணில் படுவதில்லை. சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் போதனா மருத்துவ மனைகளில் மருத்துவர்களிடம், "உங்கள் நோயாளிகளில் யார் யாருக்குக் குழாய் இருக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தார்கள். குழாய் இருந்தும் அது தெரியாமல் பதில் சொன்னவை 100-க்கு 28. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மருத்துவ மாணவர்களிடம் இந்தப் பிழை 100-க்கு 21. மூத்த மருத்துவர்களிடம் 38!

மூத்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் பார்க்க வேண்டிய நோயாளிகள் ஏராளம். மனிதனின் ஞாபகத்தை நம்பி ஒரு முறையை அமைத்தால் அது தவறும் என்பதே பாடம். நினைவூட்ட ஓர் ஏற்பாடு வேண்டும். அப்படி ஏற்பாடு செய்த இடங்களில் பலனும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 600-க்கும் மேற்பட்ட மருத்துவ மனைகள் கலந்துகொண்ட ஒரு திட்டத்தின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. குழாயின் தேவையை நாள்தோறும் சரிபார்ப்பது அதில் முக்கிய அங்கம். சாதாரண நோயாளிகள் இருக்கும் வார்டுகளில் இத்தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே பலருக்குக் குழாய் உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து, மருத்துவ மனைத் தொற்றுகளைக் கணக்கெடுக்கும் ஒரு வலையமைப்பை நடத்துகின்றன. குழாய்த் தொற்றும் அக்கணக்கில் சேர்கிறது. 2020-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இவை நல்ல தொடக்கம். ஆனால் நெறி புத்தகத்தில் இருந்தால் போதாது, கட்டிலருகே வர வேண்டும்.

மூன்று மறுப்புகள்

என் கருத்தை மறுப்பவர்கள் சொல்லக்கூடியவற்றையும் பார்த்துவிடுவோம்.

"தொற்று வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போயிற்று" என்பது முதல் மறுப்பு. போகாது! உயிர்ப் படலத்துக்குள் மருந்து திணறுவதை மேலே பார்த்தோம். தவிர, வீணாகக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் அதற்கு அடங்காத கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல், சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதற்காக மட்டும் இம்மருந்துகளைக் கொடுப்பது பொதுவாகத் தேவையற்றது. முன்னெச்சரிக்கையாகக் கொடுத்து வைப்பதும் அப்படியே.

"ஒரு வார்டுக்கு ஒன்றிரண்டு செவிலியர்கள்தான் இருக்கிறார்கள். குழாயை எடுத்துவிட்டால் படுத்திருப்பவரை யார் கவனிப்பது?" என்பது இரண்டாவது. இதை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். இது உண்மையான சங்கடம். நம் மருத்துவ மனைகளில் பாதி வேலையை உடன் இருக்கும் உறவினர்களே செய்கிறார்கள். ஆயினும் கணக்குப் பார்க்க வேண்டும். குழாய் மிச்சப்படுத்துவது சில மணி நேர உழைப்பு. தொற்று வந்தால் கூடுவது பல நாள் படுக்கை, ஊசி, மருந்துச் செலவு, வீட்டாரின் கூலி இழப்பு. படுக்கையில் வைக்கும் பேசினும், ஆண்களுக்கான சிறுநீர்க் குடுவையும், வெளிப்புறமாகவே பொருத்தும் உறையும் இருக்கின்றன. செவிலியர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று கேட்பதும் நம் கடமையே. ஆளில்லாத குறையை நோயாளியின் உடலுக்குள் குழாய் வைத்துத் தீர்க்கக் கூடாது.

"எங்கள் மருத்துவ மனையில் தொற்று விகிதம் மாறவே இல்லையே, குழாயைச் சீக்கிரம் எடுத்து என்ன பயன்?" என்பது மூன்றாவது. இது கணக்கு தெரிந்தவர்களையும் ஏமாற்றும். 1000 'குழாய் நாட்களுக்கு' எத்தனை தொற்று என்பதே இங்கு அளவு. 10 பேர் ஆளுக்கு 3 நாள் குழாயுடன் இருந்தால் 30 குழாய் நாட்கள். ஒரு வார்டில் 1000 குழாய் நாட்களில் 4 தொற்று என்போம். குழாய்களைச் சீக்கிரம் எடுத்ததால் மறு ஆண்டு 500 குழாய் நாட்கள், 2 தொற்று. விகிதம் அதே 1000-க்கு 4! ஆனால் இரண்டு மனிதர்கள் காய்ச்சலிலிருந்து தப்பியிருக்கிறார்கள். ஆகவே விகிதத்தோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

நான் வேண்டுவது

ஒவ்வொரு நோயாளியின் குறிப்பேட்டிலும் குழாய் வைத்த தேதியும், வைத்ததற்கான காரணமும் எழுதப்பட வேண்டும். நாள்தோறும் காலையில் அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் தீர்ந்துவிட்டால், மருத்துவர் முன்பே வகுத்துக் கொடுத்த விதிகளின்படி குழாயை எடுக்கச் செவிலியருக்கே அதிகாரம் இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காக வைத்த குழாயை, வேறு காரணம் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்பது பல நாடுகளும் ஏற்ற நெறி. குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியின் குடும்பத்துக்கு, அதைப் பராமரிக்கும் முறையும் எடுக்க வேண்டிய தேதியும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும்.

உங்கள் பங்கு என்ன? பெரியவர்கள் வேலைக்குப் போயிருக்கும்போது தாத்தாவுக்கோ பாட்டிக்கோ துணையாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நீங்கள்தானே! பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். ஆனால் தரையில் படக் கூடாது. குழாய் மடங்கியோ உடலுக்கு அடியில் நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். பை நிரம்பி வழியும்வரை காத்திராமல் வடித்துவிடுங்கள். வடிக்கும்போது வடிமுனை பாத்திரத்தில் படக் கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை அடுத்த கட்டிலுக்குக் கொடுக்காதீர்கள். நோயாளியை இடம் மாற்றுவதற்கு முன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். குளிர் காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, திடீர்க் குழப்பம், சிறுநீர் வடியாமல் நின்றுபோவது ஆகிய எதைக் கண்டாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: குழாயை நீங்களாக ஒருபோதும் இழுக்கக் கூடாது. உள்ளே பலூன் உப்பிய நிலையில் இருக்கிறது. இழுத்தால் சதை கிழிந்து இரத்தம் கொட்டும். பலூனில் உள்ள நீரை முதலில் வெளியேற்றி, பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் வேலை கேட்பதுதான். மறுநாள் காலை செவிலியர் வரும்போது எழுந்து நின்று, பணிவாக, "சிஸ்டர், எங்க தாத்தாவுக்கு இந்த டியூப் இன்னைக்கும் வேணுங்களா?" என்று கேளுங்கள். "வேண்டும்" என்று அவர் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "அட, நல்ல வேளை ஞாபகப்படுத்தினாய், டாக்டரிடம் கேட்கிறேன்" என்று அவர் சொல்லவும் கூடும்.

சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். அந்த ஆய்வில் மூத்த மருத்துவர்களைவிட மாணவர்களே குழாயை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று பார்த்தோமே! நம் தாத்தா விஷயத்தில் இரண்டாம் நாளே யாராவது ஒருவர் இதைக் கேட்டிருந்தால், ஐந்தாம் நாள் காய்ச்சல் வராமலே போயிருக்கலாம்; அவர் கைத்தடி ஊன்றி நடந்து, கிளியனூர் பேருந்தில் ஏறியிருப்பார்.